அவிட்டத்தில் பூட்டிய வீடு

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி அறைக்குள் கட்டிலில் படுத்து உயிரை விட்டிருந்தால் எனக்கு இந்த வில்லங்கம் எதுவும் வந்திருக்காது. மனிதர் ஹாலில் போனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டே, "உஷா, ஒரு தே ஓ போடு" என்றார். பால் ஊற்றாத தேநீரைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ரிமோட் மடியில் கிடந்தது, தலை சோபாவில் சாய்ந்திருந்தது. கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார் என்று நினைத்து ஒரு திட்டும் திட்டினேன். அந்தத் திட்டுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

தகனமெல்லாம் முடிந்த பிறகு கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ ஒரு வேட்டு வைக்கப் போகிறார் என்று.

"அவிட்டம்மா. அடைப்பு இருக்கு. ஆறு மாசம்."

அவிட்டம் மாதிரி சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன இடத்தைப் பூட்டிவிட வேண்டும். ஆறு மாதம் அங்கே யாரும் புழங்கக் கூடாது. புழங்கினால் அந்த வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இன்னொரு உயிர் போகும் என்பார்கள். வசதியுள்ளவர்களுக்குப் பிரச்சனை இல்லை. செத்த அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் இருந்துகொள்வார்கள். எங்களுடையது கிள்ளானில் ஒரு மலிவு விலை வீடு. ஹாலை மிதிக்காமல் அடுப்பங்கரைக்கும் போக முடியாது, கக்கூசுக்கும் போக முடியாது. ஹாலைப் பூட்டு என்றால் வீட்டைப் பூட்டு என்றுதான் அர்த்தம்.

எனக்கு இதிலெல்லாம் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லை என்று தெருவில் நின்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு இராஜம்மாக்காதான் என் கையிலிருந்து சாவியை வாங்கிக் கதவைப் பூட்டி, பூட்டில் மஞ்சள் துணியைக் கட்டினார். என் வீட்டுக்காரருக்குக் கடைசிக் குளியலுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறோம். அங்கே தாளிக்கும் சத்தம் கேட்டால் இங்கே நான் அரிசி களைவேன்.

நான் செலாயாங்கில் என் நாத்தனார் வள்ளியம்மா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி வீடு. அங்கே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய். அவர் மருமகள் காலையில் பால் எடுக்க என்னைத் தாண்டித்தான் போவாள். கெட்டவள் இல்லை. ஆனால் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டை நினைத்துக்கொள்வேன். ஆறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொள் உஷாராணி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். எனக்கென்று பூமியில் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

சும்மா இருந்திருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும். நான்தான் சும்மா இருக்கவில்லையே.

எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள வீடுகள் எல்லாம், செம்பனைத் தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்தவர்களுக்கென்று கட்டியவை. வாங்கியவர்களே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது, சும்மா பூட்டிப் போடக் கூடாது என்று அப்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? சொந்தக்காரர் குடியிருக்கும் வீடுகளுக்கு நகராண்மைக் கழகம் வீட்டு வரியைத் தள்ளுபடி செய்தது. வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்தாலும் தள்ளுபடி மட்டும் அவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. அவர் போன பிறகு வரி முழுசாக வந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. கட்டித் தொலைத்திருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புருஷன் செத்ததற்கு வரியா? நேராகக் கவுண்டருக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "ஆன்டி, உங்க பேர்ல புதுசா விண்ணப்பம் போடுங்க. நீங்க அங்கதான் குடியிருக்கீங்களான்னு ஒரு ஆபீசர் வந்து பார்ப்பாரு."

"வரட்டும், நல்லா வரட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பூட்டிய வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரே பைத்தியம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடைப்பு எங்களுக்குக் காலி வீடு இல்லையே! அது துக்கத்தில் இருக்கும் வீடு. நாங்கள் அங்கேதான் இருக்கிறோம், உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது வேறு மாதிரி தெரியும் என்று என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, கேட்டுக்கு வெளியே ஓர் அகல் விளக்கு ஏற்றிவிட்டுப் போவேன். அப்படி வந்த ஒரு நாள் இராஜம்மாக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உஷா, நகராண்மைக் கழகத்துலேர்ந்து ஆள் வந்தாங்க. கேட்டைத் தட்டு தட்டுன்னு தட்டுறாரு. பாவம், சின்ன வயசு. உள்ள கிள்ள போய்த் தொலைச்சிடப் போறாருன்னு நான்தான் தடுத்து அனுப்பினேன்."

"என்னக்கா சொன்னீங்க?"

"மலாய்லயே சொன்னேன் லா. ரூமா கோசோங், யாரும் உள்ள போகக் கூடாதுன்னு."

ரூமா கோசோங் என்றால் காலி வீடு. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அதில் இருந்தது. என்னத்தைச் சொல்லித் திட்டுவது?

அதற்கடுத்த வாரம் தபால் பெட்டியில் கடிதம் கிடந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று பார்வையிட்ட அதிகாரி எழுதியிருப்பதாகவும், தள்ளுபடி கிடையாது என்றும், மறுபடி ஒரு தடவை வந்து பார்ப்பார்கள், அப்போதும் ஆள் இல்லாவிட்டால் மலிவு விலை வீட்டுப் பிரிவுக்கு விஷயம் போகும், அவர்கள் வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. வருகிற தேதியையும் போட்டிருந்தார்கள். அடைப்பு முடிய அப்போதும் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும்.

மறுபடியும் கவுண்டருக்கு ஓடினேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் மலாயில் விளக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் சரியில்லை, ஆகையால் வீட்டைப் பூட்டினோம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கமலநாதன் என்ற தமிழ் அதிகாரியைக் கூட்டிவந்தாள். நெற்றியில் திருநீறு. எனக்கு உயிர் வந்தது.

"அவிட்டமாக்கா?" என்று கேட்டார் அவர். பெற்ற தாயைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "எங்க அப்பாவுக்கும் அடைப்புதான். நாங்க ரூமை மட்டும் பூட்டினோம்."

"எங்க வீட்ல ரூம்ல சாகலையே தம்பி."

"புரியுதுக்கா. ஆனா சிஸ்டத்துல ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஆள் இருக்காங்க, ஆள் இல்ல. அடைப்புன்னு நான் எங்கக்கா போடுறது?"

"தேதியையாவது தள்ளிப் போடலாமே?"

"தள்ள முடியாதுக்கா, வருஷக் கணக்கு முடியுது. மேல கேட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேசாம தொறந்துடுங்க. பாயைப் போட்டு, அடுப்பைப் பத்த வச்சு, ஒரு வாரம் இருங்க. வர்றவரு பார்த்துட்டுப் போயிடுவாரு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டேன். திறந்துவிடுவது. பண்டாரமா எனக்கு வீடு கொடுக்கப் போகிறார்?

நேராக இராஜம்மாக்கா வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்டேன். அக்கா சாவியை எடுக்கப் போகவில்லை. அடுப்பங்கரையில் நின்ற தன் மகள் லெட்சுமியைக் காட்டினார். லெட்சுமிக்கு எட்டாவது மாதம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை அவள் நடக்கும்போதுகூடச் சத்தம் வராமல்தான் நடந்தாள்.

"ஒரே சுவரு உஷா" என்றார் அக்கா. "நீ அங்க கதவைத் தொறந்தா இங்கதான் அடிக்கும். உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். புள்ள பொறக்கட்டும். அதுக்கப்புறம் நானே வந்து தொறந்து, நானே கழுவி விடுறேன்."

"அதுக்குள்ள வீடு போயிடும்க்கா."

"வீடு போனா வேற வீடு பார்த்துக்கலாம். இது போனா எங்கடி போய்ப் பார்ப்பேன்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு வீடு! ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் லெட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையில் என் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளை. "ஆன்டி" என்றாள். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும்.

திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் எனக்கொரு யோசனை தோன்றியது. உள்ளே போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? போர்ச்சில் இருக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? ஆபீசர் வருகிற நாளுக்கு முதல் நாளே செலாயாங்கிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்துவிட்டேன். போர்ச்சைக் கழுவிவிட்டேன். பாயை விரித்து, கேஸ் அடுப்பைக் கடன் வாங்கி ஒரு பலகையில் வைத்து, சேலைகளைத் துவைத்துக் கம்பியில் காயப்போட்டேன். சீப்பு, பல் துலக்கும் பிரஷ், செருப்பு எல்லாம் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். என் வீட்டுக் கதவைப் பார்த்தபடி, என் வீட்டு வாசலில் அகதி மாதிரி உட்கார்ந்து சோறு பொங்கினேன். இராஜம்மாக்காவும் விடவில்லை. குழம்பு கொண்டுவந்து கொடுத்தார், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், "ஆபீசர் கேட்டா நீ இங்கதான் இருக்கேன்னு நானும் சொல்றேன் லா" என்றார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஏதோ நம்பிக்கை இருந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தோம்.

ஆபீசர் காலையிலேயே வந்தார். மலாய்க்காரர், சின்ன வயது, நல்ல மரியாதை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போர்ச்சில் கால் வைத்தார். அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார்.

"ஆன்டி, வெளியிலயா இருக்கீங்க?"

"ஆமா. உள்ள சூடு" என்றேன்.

இராஜம்மாக்காவும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, இங்கேதான் இருக்கிறாள், தினமும் இருக்கிறாள் என்று மலாயில் சொன்னார். முன்பு வந்தவரும் இதே ஆபீசர்தான், அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். "முன்னாடி காலி வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆன்டி, உள்ள ரெண்டு படம் எடுக்கணும். படுக்கை, அடுப்பங்கரை. அஞ்சு நிமிஷம்தான்."

"உள்ள போகக் கூடாது தம்பி. எங்க வழக்கம். இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் நீ வந்து எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

அவர் என்னையே பார்த்தார். எரிச்சல் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் ஆன்டி" என்று சொல்லிவிட்டு, போனில் ஏதோ தட்டினார். பூட்டையும் மஞ்சள் துணியையும் ஒரு படம் எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

அவர் கேட்டில் கை வைத்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் லெட்சுமி வயிற்றைப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. தெரிந்தும்தான் செய்தேன். "தம்பி, நில்லு" என்று கத்தினேன். மஞ்சள் துணியைப் பிய்த்து எறிந்தேன். இராஜம்மாக்கா, "உஷா, வேணாம்டி, உஷா" என்று அலறினார். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தேன்.

கதவைத் தள்ளியதும் ஒரு வாடை வந்தது. ஈரமும் மண்ணும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை. ஹாலில் மேலேயிருந்து மழைநீர் ஒழுகிக் கூரைப் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சோபாவின் ஒரு பக்கத்தில் கறையான் ஏறியிருந்தது. நாட்காட்டியில் அவர் போன மாதம் அப்படியே இருந்தது. விளக்கைப் போட்டேன், எரியவில்லை. அடுப்பங்கரைக் குழாயைத் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. கட்ட ஆள் இல்லாத பில்லுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? சோபாவுக்குப் பக்கத்துச் சின்ன மேஜையில் நான் அன்றைக்கு வைத்த தே ஓ கோப்பை இருந்தது. அடியில் கறுப்பாகக் காய்ந்து போயிருந்தது. அன்றைக்கு இருந்த கலவரத்தில் அதைக் கழுவி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாடையைத் தூக்கியபோதுகூட நான் அப்படி அழுததில்லை. ஆபீசர் சத்தமில்லாமல் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"ஆன்டி, இங்க யாரும் குடியிருக்கல இல்லையா?"

பூட்டியே வைத்திருந்தால் சந்தேகத்தில் வேண்டுமானால் ஒரு கருணை கிடைத்திருக்குமோ என்னவோ. நானே கதவைத் திறந்து சாட்சி காட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஆபீசர் கிளம்பிய பிறகு வெளியே வந்தேன். இராஜம்மாக்கா லெட்சுமியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். துணி மூட்டைகளும் ஏறியிருந்தன. அவர்கள் கதவில் பூட்டு தொங்கியது. "அக்கா" என்றேன். லெட்சுமி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அக்கா அவள் முகத்தைத் தன் முந்தானையால் மூடி அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அன்றிலிருந்து நான் செலாயாங்குக்குத் திரும்பவில்லை. உடைந்தது உடைந்துவிட்டது, இனி என்ன அடைப்பு? ஹாலைக் கழுவினேன். கறையான் பிடித்த சோபாவை வெளியே இழுத்துப் போட்டேன். தண்ணீரும் கரண்டும் மறுபடி வந்தன. அவர் போன இடத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என்னை நினைத்துப் பயம் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் லெட்சுமிக்கு என்னவோ என்று ஓடிப்போய் எடுப்பேன். நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லை என்று வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்ததாம். பொம்பளைப் பிள்ளையாம். மளிகைக் கடை விஜயன், "என்ன ஆன்டி, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடையிலேயே நின்று கும்பிட்டேன். வாங்கப் போன வெங்காயத்தை வாங்காமல் வந்துவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரும்பி வருவார்கள் என்று தினமும் அந்தப் பூட்டைப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு நாள் முன்னால் லோரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. இப்போது சுவரின் அந்தப் பக்கத்தில் தாளிக்கும் சத்தம் கேட்பதில்லை.

இன்று காலை கேட்டில் தபால்காரர் கூப்பிட்டார். பதிவுத் தபால். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். "இந்த வீட்டு ஆள்தானே?" என்று கேட்டார். "ஆமா, நான்தான்" என்றேன்.

வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். மேற்படி வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று உறுதி செய்யப்பட்டதால், வீடு திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று இருந்தது.